‘ம்’ கொட்டியவள்

என் மச்சினன் குழந்தைகளுக்காக ஒரு பாட்டுத் தொகுப்பு போடுகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விளம்பரங்களுக்கு இசை போட்டுப் பிழைக்கிறவன். சோப்புக்கும் பற்பசைக்கும் பாட்டுக் கட்டிக் கட்டி அலுத்துப்போய், இப்போதாவது உருப்படியாக ஒன்று செய்கிறானே என்று நினைத்தேன். அட்டைப் படத்தை என் கைபேசிக்கு அனுப்பியிருந்தான். தையல் மிஷின் முன்னால் அவனுடைய அம்மா உட்கார்ந்திருக்கும் பழைய புகைப்படம். அதற்குக் கீழே வளைந்து நெளிந்த எழுத்தில், ‘அம்மா எங்களைத் தூங்க வைத்த பாட்டுகள்’ என்று போட்டிருந்தது.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களையாம், எங்களை! அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் இரண்டே பேர். ஒன்று அவன். இன்னொன்று அவனுடைய அக்கா, அதாவது என் வீட்டுக்காரி. அந்தப் பாட்டைக் கேட்டுத் தூங்கியவன் ஒருத்தன். தூங்கக் கூடாது என்று அந்தப் பாட்டாலேயே உட்கார வைக்கப்பட்டவள் இன்னொருத்தி. இரண்டு பேரையும் ஒரே போர்வைக்குள் போட்டு மூடிவிட்டான் மகராசன்.

கோபத்தில் சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்குத் தலைகால் புரியாது. முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு மருத்துவமனையில் உதவியாளர் வேலை. அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கொண்டுவந்து கிடத்தும் அறை. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடப்பவர்கள் மறுபடி அமிழ்ந்துவிடாமல் பேச்சுக் கொடுத்துக் கண்ணைத் திறக்க வைக்க வேண்டும். மருந்தை நர்ஸ் பார்த்துக்கொள்வார், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார், கண்ணிமை இவள் பொறுப்பு. “ஐயா, இங்க பாருங்க. வீட்டுல எத்தன பிள்ளைங்க? மூத்தவன் என்ன பண்றான்?” என்று இவள் கேட்க ஆரம்பித்தால் கல்லும் கண்ணைத் திறக்கும். பதில் சொல்லாமல் சொக்குகிறவரின் தோளில் விரலால் ஒரு சுண்டு. அங்கே எல்லோரும் அவளை ‘அலாரம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கண்ணசரும். இவள் மட்டும் சுவரில் சாய்ந்து கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். நான் பேருந்து ஓட்டியவன், இப்போது ஓய்வு. என் பேருந்தில் அவள் ஏறிய நாட்களில் பின்னால் அத்தனை பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள், கண்ணாடியில் பார்த்தால் இவள் கண் இரண்டும் சாலையில் இருக்கும். ஸ்டியரிங்கை நான் பிடித்திருந்தேனா அவள் பிடித்திருந்தாளா என்று கண்டக்டர் கேலி செய்வார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மதியம், அதிசயமாக அவள் பாயில் கொஞ்சம் அயர்ந்திருந்தாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மச்சினன் வாயில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெட்டைச் சும்மா முணுமுணுத்தேன். முதல் வரி முடிந்ததும் இவள், கண்ணை மூடியபடியே, “ம்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வரி. “ம்.” மூன்றாவது வரிக்குள் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்து, பாயைச் சுற்றித் தரையைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

“என்னத்தத் தேடுற?”

“ஊசி,” என்றாள். அப்புறம்தான் முழுசாக விழித்தாள். என்னைப் பார்த்தாள். “இந்தப் பாட்ட இனிமே என் முன்னாடி பாடாதீங்க,” என்றாள். அவள் என்னிடம் முதல்முதலாக முகத்தில் அடித்த மாதிரி பேசியது அன்றைக்குத்தான். சாயங்காலம் தேநீர் போட்டு வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

அவளுடைய அப்பா கப்பல் வேலைக்கென்று போனவர். பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவளுடைய அம்மா ஒரு துணிக்கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும், தைத்த சட்டை கட்டுக் கட்டாகப் போகும். தம்பி பிறந்ததும் இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி நிறுத்தினார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை. அம்மா மிஷின் மிதிப்பார், இவள் பின்னால் தரையில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள், பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், நூல் பிசிறு வெட்டுவாள். தைத்தது எந்தப் பள்ளியின் சட்டை தெரியுமா? இவள் படித்துக்கொண்டிருந்த அதே பள்ளியுடையது. அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாகப் போவாள். இவள் தைத்த பட்டன்.

மதியந்தான் கஷ்டம். மேலே தகரக் கூரை கொதிக்கும், வயிற்றில் சோறு இருக்கும், மிஷின் ஒரே சீராகக் கடகடக்கும். தம்பி வெட்டுத் துணிக் குவியல் மேல் சுருண்டு கிடப்பான். பத்து வயதுப் பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வராதா? அம்மாவால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணை ஊசியிலிருந்து எடுத்தால் தையல் கோணிவிடும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிஷின் ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு பாட்டைக் கட்டினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் பின்னாலிருந்து மகள் ‘ம்’ கொட்ட வேண்டும். கதைக்குக் கொட்டுவோமே, அதே ‘ம்’. ‘ம்’ வந்தால் பிள்ளை விழித்திருக்கிறது. வராவிட்டால் மர ஸ்கேல் பின்னால் நீளும்.

*ஒத்தை நூலு ஓடுது பார் –* ம்
*ஊசிக் கண்ணைத் தேடுது பார் –* ம்
*வெள்ளைச் சட்டை யாருக்கு –* ம்
*வீதி தாண்டும் பிள்ளைக்கு –* ம்

கொஞ்ச நாளில் இவள் தூங்கிக்கொண்டே ‘ம்’ கொட்டப் பழகிவிட்டாள். கை நின்றிருக்கும், வாய் மட்டும் தானாகச் சொல்லும். அம்மா லேசுப்பட்டவரா? அதையும் கண்டுபிடித்தார். சில வரிகளை வேண்டுமென்றே பாதியில் நிறுத்த ஆரம்பித்தார். முடியாத வரிக்கு ‘ம்’ வந்தால் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். அப்போதும் ஸ்கேல்தான். அந்தப் பாட்டுக்கு முடிவென்றே ஒன்று கிடையாது. கட்டு முடிந்தால் பாட்டு முடியும்.

இமையை இமை இழுக்கிற அந்த வேதனை என்னவென்று எனக்குத் தெரியும். நீண்ட சாலையில் நான் சொக்குகிற மாதிரி தெரிந்தால் கண்டக்டர் முன்னால் வந்து நின்று ஏதாவது பேச்சுக் கொடுப்பார். நான் ‘ம்’ சொல்லாவிட்டால் தோளில் ஒரு அறை விடுவார். ஆனால் எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், மீசையும் முளைத்திருந்தது. பால் பல் விழுந்த இடத்தில் பல் முளைத்து முடிக்காத பிள்ளைக்கு இந்த வேலையா? அந்த அம்மாவுக்கு வேறு வழி இல்லை என்பீர்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது, நான் என்ன செய்ய?

எங்களுக்கு ஒரு மகள். அவளுக்கு இவள் ஒரு நாள்கூடத் தாலாட்டுப் பாடியதில்லை. முதுகில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள், குழந்தை தானாகத் தூங்கும். பாட்டு வேண்டுமென்று அடம்பிடித்த நாட்களில் அந்தப் பொறுப்பு என் தலையில். என் குரலுக்குப் பயந்தே அது சீக்கிரம் தூங்கிவிடும்.

தம்பியிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். “நல்லாத் தூங்கினான். தூங்கினது அவன் தப்பா?” என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அட்டைப் படம் வந்த மறுநாள் அவனே வந்தான், கையில் பழப்பையோடு. அம்மா போன பிறகு அவனுக்கு இந்த ஏக்கம் பிடித்துக்கொண்டது. பேட்டி கொடுக்கும் இடமெல்லாம் கண்ணீரும் கம்பலையுமாக அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. வந்தவன் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

“அக்கா, மத்த பாட்டெல்லாம் எடுத்தாச்சு. இந்த நூல் பாட்டுதான் முக்கியமானது. எனக்கு முதல் நாலு வரிதான் ஞாபகம் இருக்கு. அதுக்கு மேல எவ்வளவு யோசிச்சாலும் வரல. நீதான் சொல்லித் தரணும்.”

எப்படி வரும்? நாலாவது வரியில் அவன்தான் குறட்டை விட ஆரம்பித்திருப்பானே. நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் தேநீரை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

“என்ன பாட்டுன்னு போடப்போற?” என்று கேட்டாள்.

“தாலாட்டுன்னுதான். நீயே பாடிரேன்க்கா. அம்மா குரல் உனக்குத்தான் அப்படியே இருக்கு.”

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வரேன்,” என்றாள். அவன் போன பிறகு, “ஏன் ஒத்துக்கிட்ட?” என்று குதித்தேன். “முழுப் பாட்டையும் அவன் ஒரு தடவையாவது முழிச்சிருந்து கேக்கட்டும். கேட்டா அவனுக்கே தெரியும்,” என்றாள். அவ்வளவுதான் அவள் ஆசை. பேர் போட வேண்டாம், படம் போட வேண்டாம். தம்பிக்குத் தெரிந்தால் போதும்.

அவனுடைய ஒலிப்பதிவுக் கூடம் அடுக்குமாடி வீட்டின் பின்னறை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கும் ஒரு நாற்காலியும். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தொப்பையும் தாடியுமாக ஒரு மனிதர், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பொத்தான்களை நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு மூலையில் ஒரு ஸ்டூல். கண்ணாடிக்குள் இவள் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் அதே புடவையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அவள் ஆரம்பித்தாள். கடகடவென்று மிஷின் ஓட்டத்தில் பாடினாள். இரண்டாவது வரியிலேயே மச்சினன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அக்கா, கொஞ்சம் மெதுவா. குழந்தையத் தோள்ல போட்டுத் தட்டுற மாதிரி.”

“மெதுவாப் பாடினா மிஷின் எப்படி ஓடும்?”

“மிஷின் எதுக்குக்கா இப்ப?” என்று சிரித்தான். “சரி இரு, பின்னணி இசையப் போடுறேன். அதக் கேட்டா உனக்கே அந்த வேகம் வந்துரும். சில வரிய மட்டும் பாட்டாசிரியர் ஒருத்தர வச்சு மெருகேத்தியிருக்கேன். ‘வெள்ளைச் சட்டை யாருக்கு’ங்கிறத ‘வெள்ளை மேகம் யாருக்கு’ன்னு மாத்தியாச்சு. ‘வீட்டில் தூங்கும் பிள்ளைக்கு’ன்னு அடுத்த வரி.”

மெருகாம். எனக்கு அந்தப் பாட்டாசிரியரைக் கூட்டிவந்து தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைத்து ஒரு டஜன் காஜா எடுக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் ஒலிப்பதிவாளர் எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். புல்லாங்குழல் குழைந்தது. வீணை மாதிரி ஏதோ ஒன்று சொட்டியது. மச்சினனே மாதிரிக்குப் பாடி வைத்திருந்தான். முதல் வரி முடிந்தது. உடனே ஒரு கூட்டம் குழந்தைகள், “ம்ம்ம்ம்ம்” என்று சர்க்கரைப் பாகு மாதிரி இழுத்தார்கள். அடுத்த வரி. மறுபடியும் “ம்ம்ம்ம்ம்”. ஒரு வரி விடாமல், அளந்து வைத்த மாதிரி.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அவள் முகத்தில் கடுகைப் போட்டால் வெடித்திருக்கும்.

“அந்த ‘ம்’ யாரு போட்டது?”

“குழந்தைங்க கோரஸ்க்கா. நல்லா இருக்குல்ல? அம்மா பாட்டுல அது வரும்ல. ஒவ்வொரு வரிக்கும் அம்மா தானே ஒரு ‘ம்’ போட்டுப்பாங்க. எனக்கு இந்தப் பாட்டுல அதுதான் ரொம்பப் பிடிக்கும். அதக் கேட்டாத்தான் தூக்கமே வரும்.”

“அம்மா போடலடா,” என்றாள். “நான் போட்டேன்.”

அவன் புரியாமல் நின்றான். அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நின்றுகொண்டே சொன்னாள். பட்டன், காஜா, பின்னால் உட்கார்ந்தது, ஸ்கேல், பாதியில் நிறுத்தும் வரிகள், எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒலிப்பதிவாளர் பிஸ்கட்டை வாய்க்கும் டப்பாவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உறைந்துவிட்டார்.

மச்சினன் முகம் சிவந்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கத்தினான்.

“இத்தன வருஷம் சொல்லாம இப்ப எதுக்குச் சொல்ற? அம்மா உயிரோட இருந்தப்ப கேட்டிருக்கலாம்ல? செத்தவங்களப் போய்... எனக்கு அம்மாவப் பத்தி இருக்கிற நல்ல ஞாபகம் இது ஒண்ணுதான்க்கா. அதுவும் உனக்குப் பொறுக்கலையா?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆவேசம் வந்ததென்று தெரியவில்லை. ஸ்டூல் பின்னால் உருண்டது. “டேய்! யாரப் பாத்துப் பொறுக்கலையான்னு கேக்குற? நீ படிச்ச படிப்பு, நீ வாசிக்கிற பெட்டி, எல்லாம் யாரு விரல்ல குத்தின ஊசிடா?”

“அத்தான், இது எங்க குடும்ப விஷயம்...”

“நான் மட்டும் பக்கத்து வீட்டுக்காரனா?”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் இவள். என்னிடம்தான். அவனுக்கு விழ வேண்டியது எனக்கு விழுந்தது. நான் ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். “உனக்கு அம்மான்னா மடி. எனக்கு அம்மான்னா முதுகுதான்டா. பகல் முழுக்க நான் பாத்தது அந்த முதுக மட்டும்தான். உன் ஞாபகத்த நான் புடுங்க வரல. அதுக்குள்ள நானும் இருந்தேன். நீ கேட்டுத் தூங்கினியே, அந்த ‘ம்’ நான். அதக் கொண்டுபோய் யாரோ பிள்ளைங்க வாயில வச்சிருக்க.”

அவன் பிடிவாதமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முழுப் பாட்டு வேணும்னியே? வா,” என்றாள். “உள்ள வந்து உக்காரு. எனக்குப் பின்னாடி, தரையில. நான் அம்மா மாதிரி பாடுறேன். நீ ‘ம்’ கொட்டு.”

விளையாட்டு மாதிரி நினைத்தானோ, தப்பிக்க வழி தெரியவில்லையோ, போய் உட்கார்ந்தான். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒலிப்பதிவாளரின் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேல் எப்போது அவள் கைக்குப் போனதென்று நான் பார்க்கவில்லை. கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. பாடினாள்.

*பொத்தான் எல்லாம் வச்சாச்சா –*

“ம்,” என்றான் அவன்.

*பிசிறு எல்லாம் வெட்டியாச்சா –*

“ம்.”

*காலர் ஓரம் மடிஞ்சாச்சா –*

“ம்.”

*கட்டு இன்னும் –*

“ம்,” என்றான். பட்டென்று ஸ்கேல் பின்னால் வந்து அவன் முழங்காலில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வரி முடிஞ்சுதா?”

“இல்ல...”

“அப்ப எதுக்கு ‘ம்’?”

மறுபடி பாடினாள். எனக்கும் அந்தப் பாட்டு அவ்வளவு நீளம் என்று அதுவரை தெரியாது. கைக்கு ஒரு வரி, பைக்கு ஒரு வரி, அறுந்த நூலுக்கு ஒரு வரி, கடைக்காரர் திட்டுவார் என்று ஒரு வரி, பள்ளிக்கூட மணி அடிக்கிறது என்று ஒரு வரி. சுற்றிச் சுற்றி மறுபடியும் ஒத்தை நூலுக்கே வந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் மச்சினன் கழுத்தில் வியர்வை. முதலில் சுருதி சேர்த்து அழகாகக் கொட்டிய ‘ம்’, போகப் போக வறண்டு, வெறும் மூச்சாகிவிட்டது. அவன் எதிரில் வேறு எதுவும் இல்லை, அக்காவின் முதுகைத் தவிர. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூட மணி வரி இரண்டாவது தடவை வந்தபோது ‘ம்’ வரவில்லை.

“தூங்கிட்டியாடி?” என்று ஒரு குரல் கேட்டது.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அது என் வீட்டுக்காரியின் குரல் இல்லை. என் மாமியார் குரல், அதுவும் நான் அறிந்த மாமியார் இல்லை, களைத்துப்போய், எரிச்சலில், கையில் வேலை முடியாத ஒரு இளம் பெண்ணின் குரல். அந்தக் குரலை மச்சினன் வாழ்நாளில் கேட்டதில்லை. அது ஒலித்த நேரமெல்லாம் அவன் துணிக் குவியல் மேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் ஸ்கேலை மைக் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். “வாங்க போலாம், எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி,” என்றாள் என்னிடம்.

வரும் வழியெல்லாம் நான்தான் பொரிந்துகொண்டே வந்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு மதியம், தொகுப்பு வெளியாகிவிட்டதென்று என் கைபேசிக்குச் செய்தி வந்தது. சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு பாட்டாகப் போட்டேன். நிலாப் பாட்டு இருந்தது, குளிப்பாட்டும் பாட்டு இருந்தது, மழைப் பாட்டு இருந்தது. நூல் பாட்டு இல்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினேன். அட்டையில் எழுத்துகூட மாறியிருந்தது. ‘எங்களை’ போய், ‘அம்மா என்னைத் தூங்க வைத்த பாட்டுகள்’ என்று இருந்தது.

எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. உண்மையைச் சொல்லப்போனால், பயலுக்கு உறைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. “பாத்தியா, எடுத்துட்டான். புத்தி வந்துருக்கு,” என்றேன்.

அவள் கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கினாள். அட்டையைப் பார்த்தாள். ‘என்னை’ என்ற சொல்லை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் மூக்கு நுனி சிவந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, நான் மறுபடியும் தப்பாகப் பேசிவிட்டேன்.

“நான் எடுக்கச் சொன்னேனா?” என்றாள். “உங்ககிட்டதான் கேக்குறேன். எடுக்கச் சொன்னேனா?”

“இல்ல...”

“முன்னாடி அந்தப் பிள்ளைங்களப் போட்டு என்னைய மறச்சான். இப்ப பாட்டையே தூக்கிட்டு அவன் மட்டும் நிக்கிறான். நான் தொண்ட கிழியப் பாடினது எதுக்கு? இவன் கூச்சப்பட்டு ஒளிச்சு வைக்கிறதுக்கா?”

அவளே எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போடத் தெரியாமல் போட்டாளா, நானும் கேட்க வேண்டுமென்று போட்டாளா தெரியாது. அந்தப் பக்கம் அவன் குரல், “அக்கா...” என்று இழுத்தது.

“பேசாத. நான் சொல்றத மட்டும் கேளு. பாட்ட ஏன்டா எடுத்த?”

“போட மனசு வரலக்கா. எப்படிப் போடுறதுன்னு...”

“பேசாதன்னேன். உனக்கு மனசு வரலன்னா நீ நல்லவனாயிருவ. எனக்கு என்ன ஆகும்? மொத்தமும் வெட்டிப் போட்ட துணியாப் போகும். அந்த மத்தியானமெல்லாம் நான் அங்க இல்லவே இல்லன்னு ஆயிரும். அது தாலாட்டு இல்ல. தாலாட்டுன்னு போடாத. வேலைப் பாட்டுன்னு போடு. வெள்ளைச் சட்டைன்னே இருக்கட்டும், மேகம் எல்லாம் வேணாம். புல்லாங்குழல் வேணாம். நான் வரேன், முழுசாப் பாடுறேன். பிள்ளைங்க கோரஸ் வேணாம். நீ என் பின்னாடி தரையில உக்காந்து ‘ம்’ கொட்டு. ஊர்ல இருக்கிற பிள்ளைங்க கேட்டுத் தூங்குதோ முழிக்குதோ, அது அதுங்க இஷ்டம். கேக்குதா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் மூச்சு விடுவது கேட்டது.

“டேய்,” என்றாள் அவள். “தூங்கிட்டியா?”

“இல்லக்கா. முழிச்சிட்டுதான் இருக்கேன்.”

“அப்ப ‘ம்’ கொட்டு.”

அவன் கொட்டினான்.